மலை வீட்டுப் பழைய நீச்சல் குளம்: தண்ணீர் போகும் வழியைப் பிடித்துப் பழுது பார்ப்பது எப்படி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பழைய பங்களா வாங்கி வருகிறவர்கள் சிலருக்கு வீட்டோடு சேர்த்து ஒரு நீச்சல் குளமும் வந்து சேர்கிறது. யாரோ ஒரு தோட்டத்துக்காரர் எப்போதோ கட்டியது. சுற்றிலும் சில்வர் ஓக், கீழ்ப்பக்கம் கருங்கல் தடுப்புச் சுவர், மூலையில் தகரக் கூரை போட்ட மோட்டார் ரூம். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. அப்புறம் தண்ணீர் கலங்கும், இல்லையென்றால் குறையும், இல்லையென்றால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மட்டும் சுற்றாது. உடனே எல்லோரும் சொல்வது, "ஃபில்டர் போயிருச்சு, மாத்திரலாங்க."

எங்கள் வீட்டுக் குளத்தையும் அக்கம்பக்கத்தில் சிலருடைய குளங்களையும் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். அவற்றில் ஃபில்டர் உண்மையாகவே போயிருந்தது மிகக் கொஞ்சம். காசு செலவழிப்பதற்கு முன் தண்ணீர் போகும் வழியிலேயே நீங்களும் நடந்து பாருங்கள். குளத்திலிருந்து மோட்டார் உறிஞ்சுகிறது, ஃபில்டருக்குள் தள்ளுகிறது, மணல் வழியாக இறங்கி மறுபடி குளத்துக்கு வருகிறது, மணலைக் கழுவிய அழுக்குத் தண்ணீர் வேஸ்ட் பைப்பில் வெளியே போகிறது. இந்த நான்கில் எந்த இடத்தில் கோளாறு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எதையும் தொடும் முன்

மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யாதீர்கள். சமவெளியில் இருந்து வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான், திருத்தவும் முடியாதது. கோத்தகிரி, குன்னூர் பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வலுக்கும்போது சரிவு முழுக்கத் தண்ணீர் ஊறி நிற்கும். அந்தத் தண்ணீர் உங்கள் குளத்தின் தரைக்கு அடியிலும் இருக்கும். குளம் நிறைந்திருக்கும்வரை உள்ளே இருக்கும் எடை அதை அமுக்கி வைத்திருக்கிறது. காலி செய்தால் அது கீழிருந்து தரையைத் தூக்கும். குளத்தின் அடித்தரைக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு நிலத்தடி நீர் நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஒரு டன் விசையோடு தள்ளும். 8 மீட்டருக்கு 4 மீட்டர் குளம் என்றால் மொத்தம் 32 டன்.

ஒரு நவம்பரில் பக்கத்துச் சரிவு வீட்டில் பாசி தேய்ப்பதற்காக ராத்திரியே வால்வைத் திறந்துவிட்டுத் தூங்கப் போனார்கள். காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். ஆழமான பக்கத்தில் டைல்ஸ் பூரி மாதிரி உப்பியிருந்தது. காலால் லேசாக அழுத்தினால் இடுக்கு வழியாகக் கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர் கொப்பளித்தது. அது மலை தள்ளிவிட்ட தண்ணீர். சில குளங்களில், அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் மெயின் டிரெயின் குழிக்குள் ஹைட்ரோஸ்டாட்டிக் வால்வு என்று ஸ்பிரிங் வைத்த ஒன்று இருக்கும். அடியில் அழுத்தம் ஏறினால் திறந்து நிலத்தடி நீரை உள்ளே விட்டுத் தரையைக் காப்பாற்றும். பழைய குளங்கள் பலவற்றில் அது கிடையாது. இருந்தாலும் துருப்பிடித்து இறுகியிருக்கும். அதை நம்பி இறங்க வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். மோட்டார் லைனில் 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் போடுங்கள். கை நனைத்துச் செய்கிற வேலை இது. அப்புறம் மெயின் டிரெயின் மூடி. குளத்தின் அடியில் இருக்கும் அந்த ஜல்லடை உடைந்தோ, ஸ்குரூ கழன்றோ இருந்தால் அதை மாற்றும்வரை ஒருவரையும் தண்ணீரில் இறக்காதீர்கள். உறிஞ்சும் வேகத்தில் முடியோ கையோ சிக்கினால் பெரியவர்களாலும் இழுத்து எடுக்க முடியாது. அமெரிக்காவில் ஏழு வயதுக் குழந்தை ஒன்று அப்படிச் சிக்கி இறந்த பிறகு, 2007-ல் இந்த மூடிக்கென்றே நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்.

தண்ணீர் குறைகிறது என்றால்

குளத்தின் நீள அகலத்தை அளந்து எழுதி வையுங்கள். 8க்கு 4 மீட்டர், சராசரி ஆழம் 1.4 மீட்டர் என்றால் சுமார் 45,000 லிட்டர். மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் 32 லிட்டர் போயிருக்கிறது. இந்த ஒரு எண் கையில் இருந்தால் பதற்றம் குறையும்.

போனது ஆவியாகவா, கசிவாகவா? வாளியை வைத்துப் பார்த்துவிடலாம். பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் குளத்தின் படியில் வையுங்கள், மிதக்காமல் இருக்க உள்ளே ஒரு கல். வெளியே குளத்து மட்டம் எங்கே நிற்கிறதோ அதே உயரத்துக்கு வாளிக்குள் தண்ணீர் ஊற்றி, இரண்டு பக்கமும் மார்க்கரால் கோடு போடுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். வாளியும் குளமும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவிதான். குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிகிறது. மலையில் மூடுபனி இறங்குகிற நாட்களில் ஆவியாவது ரொம்பக் குறைவு. அப்படி இருந்தும் நாளுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் போகிறதென்றால் சந்தேகப்படலாம்.

இதையே இரண்டு முறை செய்யுங்கள், ஒரு நாள் மோட்டாரை ஓட விட்டு, ஒரு நாள் நிறுத்திவைத்து. ஓடும்போது மட்டும் அதிகமாகக் குறைந்தால், ஃபில்டருக்கு அப்புறம் குளத்துக்குத் திரும்பும் பைப்பில் கசிவு, அல்லது வேஸ்ட் பைப்பில் போய்க்கொண்டிருக்கிறது. வேஸ்ட் பைப்பின் வாயைப் போய்ப் பாருங்கள். தண்ணீரின் வழியை மாற்றும் வால்வு 'ஃபில்டர்' நிலையில் இருக்கும்போது அங்கே ஒரு சொட்டுக்கூட வரக் கூடாது. ரப்பர் கிழிந்த வால்வு வழியாக நாள் முழுக்க ஒழுகி, தடுப்புச் சுவருக்குக் கீழே புல் மட்டும் பச்சைப்பசேல் என்று வளர்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் அதை ஊற்று என்று நினைத்திருந்தார்.

மோட்டார் ஓடினாலும் நின்றாலும் ஒரே அளவு குறைந்தால் கசிவு குளத்தின் உடம்பில் இருக்கிறது. மட்டம் இறங்கி ஓரிடத்தில் தானாக நின்றால் ஓட்டை அந்த உயரத்தில்தான்: பெரும்பாலும், மேல்மட்டத்துத் தண்ணீரை உறிஞ்சும் ஸ்கிம்மர் பெட்டியும் சிமெண்டும் சேரும் இடம், அல்லது லைட் குழி. கண்டுபிடிக்கக் கேசரி பவுடர் போதும். மோட்டாரை நிறுத்தி அரை மணி நேரம் தண்ணீரை அசையாமல் விடுங்கள். பவுடரைக் குளத்துத் தண்ணீரிலேயே கெட்டியாகக் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, சந்தேகப்படும் விரிசலுக்கு இரண்டு விரற்கடை தள்ளி மெதுவாக விடுங்கள். கசிவு இல்லையென்றால் சிவப்பு அப்படியே புகை மாதிரி மிதக்கும். இருந்தால் நூல் போல நீண்டு விரிசலுக்குள் நுழைந்துவிடும். சின்ன விரிசல் என்றால் தண்ணீருக்குள்ளேயே இறுகுகிற எபாக்சி புட்டி வைத்து அடைக்கலாம், குளத்தைக் காலி செய்யத் தேவையில்லை.

தடுப்புச் சுவரில் இருக்கும் கண்களையும் கவனியுங்கள். மழையில் அவற்றில் தண்ணீர் வடிவது நல்லது, அதற்காகத்தான் அவற்றை விட்டுக் கட்டியிருக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் வடிந்தால் அது உங்கள் குளமாக இருக்கலாம். அந்தத் தண்ணீரைப் பிடித்துக் குளோரின் சோதனைச் சொட்டு விட்டு மஞ்சளானால் குளத்துத் தண்ணீர்தான். மஞ்சளாகவில்லை என்பதற்காகக் கசிவு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மண்ணுக்குள் போகும்போதே குளோரின் செத்துப்போகும்.

மோட்டார் காற்று வாங்குகிறது

மோட்டாருக்கு முன்னால் குப்பையைப் பிடிக்கும் ஸ்டிரெய்னர் மூடியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தண்ணீர் பாதிதான் இருக்கிறது, குளத்துக்குத் தண்ணீர் திரும்பும் ரிட்டர்ன் வாயில் நுரை நுரையாகக் குமிழி வருகிறது. மோட்டார் காற்று வாங்குகிறது. இது எப்போதும் உறிஞ்சும் பக்கத்துக் கோளாறு. குளத்து மட்டம் ஸ்கிம்மர் வாயின் பாதி உயரத்துக்குக் கீழே போயிருந்தால் நிரப்புங்கள். பிறகு கூடையை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை நீளமாக, வழுவழுப்பாக இருப்பதால் கூடையின் துளைகளில் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பத்து இலையே போதும் அடைப்பதற்கு. மூடியின் ஓ ரிங்கைக் கழற்றி விரலால் உருவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் புதிது போடுங்கள். அதற்குத் தடவ வேண்டியது சிலிகான் கிரீஸ். வாசலின், வண்டி கிரீஸ் எல்லாம் ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் உறிஞ்சவில்லை என்றால், ஸ்கிம்மர் லைனை மூடி மெயின் டிரெயினை மட்டும் ஓட்டிப் பாருங்கள், பிறகு மாற்றி ஓட்டுங்கள். எந்த லைனில் மோட்டார் திணறுகிறதோ அதில்தான் அடைப்பு. தோட்டத்து ஹோஸை அந்த லைனுக்குள் விட்டு, துணி சுற்றி இறுக்கி, எதிர்த்திசையில் தண்ணீர் தள்ளினால் இலைக்குப்பை பெரும்பாலும் கிளம்பி வந்துவிடும். கம்ப்ரஸர் காற்றை வைக்க வேண்டாம். பழைய ஜி.ஐ. பைப் உள்ளே துருவேறி அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், வெடித்தால் மண்ணைத் தோண்ட வேண்டும். நீலகிரியில் மண் தோண்டும் இயந்திரத்தை நினைத்தபோது கொண்டுவந்து இறக்க முடியாது, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

மலைக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடலோரத்தில் 10 மீட்டர் சொச்சம் இருக்கும் உறிஞ்சும் எல்லை இங்கே கணக்குப்படியே 8 மீட்டர் சொச்சம்தான். நடைமுறையில் அதிலும் பாதி கிடைத்தால் பெரிது. அதனால் குளத்து மட்டத்துக்கு மேலே மோட்டார் வைத்திருந்தால், கீழே ஒழுங்காக ஓடிய அதே மோட்டார் இங்கே ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றினால்தான் கிளம்பும். மோட்டாரைக் குளத்து மட்டத்துக்குக் கீழே இறக்கி வைக்க இடம் இருந்தால் அதைச் செய்யுங்கள். சரிவில் அது சுலபம்தான்.

கேஜ் முள் சொல்வதைக் கேளுங்கள்

மணல் ஃபில்டரின் தலையில் ஒரு பிரஷர் கேஜ் இருக்கும். மோட்டாரை நிறுத்தினால் முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் கேஜே பழுது, முதலில் அதை மாற்றுங்கள். மணலைக் கழுவி முடித்த உடனே முள் எங்கே நிற்கிறது என்று சுவரில் எழுதி வையுங்கள். அது 12 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். 20, 22 வந்தால் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி மணலைக் கழுவுவது) நேரம். அதற்கு முன்னாலேயே தினமும் பேக்வாஷ் செய்வது நல்லதில்லை. மணலில் கொஞ்சம் அழுக்கு படிந்திருக்கும்போதுதான் நுண்ணிய தூசியை அது பிடிக்கும். தண்ணீரும் வீண். மணிக்கு 12,000 லிட்டர் தள்ளும் மோட்டார் மூன்று நிமிடத்தில் 600 லிட்டரை வெளியே கொட்டிவிடும்.

முள் வழக்கத்தைவிடக் கீழே இருந்தால் உறிஞ்சும் பக்கத்தில் அடைப்போ காற்றோ. மேலே ஏறி, பேக்வாஷ் செய்தும் இறங்கவில்லையென்றால், தண்ணீரின் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வை ரீசர்குலேட் நிலையில் வைத்துப் பாருங்கள். அந்த நிலையில் தண்ணீர் மணலுக்குள் போகாது. முள் சடாரென்று இறங்கினால் குற்றவாளி மணல். அப்போதும் ஏறியே நின்றால் ரிட்டர்ன் பைப் அடைத்திருக்கிறது, அல்லது யாரோ அதன் வால்வை மூடிவிட்டிருக்கிறார்கள்.

பேக்வாஷ் செய்யும் முறையைத் தோட்ட வேலைக்கு வருகிறவருக்கும் நின்று சொல்லிக் கொடுங்கள். மோட்டாரை நிறுத்து, கைப்பிடியை அமுக்கிப் பேக்வாஷில் வை, மோட்டாரைப் போடு, கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று நிமிடம், நிறுத்து, ரின்ஸில் வைத்து அரை நிமிடம், நிறுத்து, ஃபில்டருக்குக் கொண்டுவா. மோட்டார் ஓடும்போது கைப்பிடியைத் திருப்பவே கூடாது. உள்ளே இருக்கும் ஸ்பைடர் கேஸ்கெட் என்ற ரப்பர், சைக்கிள் சக்கரத்தின் கம்பி மாதிரி நடுவிலிருந்து கிளை பிரிந்து காடிக்குள் பதிந்திருக்கும். தண்ணீர் வேகத்தில் திருப்பினால் ஒரு கிளை காடியைவிட்டு எழும்பி முறுக்கிக்கொள்ளும். அதற்கப்புறம் அழுக்குத் தண்ணீர் மணலுக்குப் போகாமல் குறுக்கு வழியில் குளத்துக்கே திரும்பும், அல்லது நல்ல தண்ணீர் வேஸ்டில் ஒழுகும். இந்த ஒரு ரப்பருக்காக முழு ஃபில்டரையும் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். திறக்கும் முன் மூடிக்கும் உடலுக்கும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு இழுங்கள், திரும்ப அதே கோட்டில் பொருத்த வேண்டும். மூடிக்கு அடியில் ஒரு கனத்த ஸ்பிரிங் இருக்கிறது, எட்டிப் பார்த்துக்கொண்டு ஸ்குரூவைக் கழற்றாதீர்கள்.

மணலைப் பார்க்க ஃபில்டரைத் திறந்து, மேலே ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் அமுக்குங்கள். உதிர வேண்டும். கட்டிகட்டியாக, வெள்ளைப் பூச்சு படிந்து நின்றால் காரணம் பெரும்பாலும் பிளீச்சிங் பவுடர். சாதாரண பிளீச்சிங் பவுடரில் கரையாத சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. அதை அப்படியே குளத்தில் தூவினால் மணலில் போய்ப் படிந்து சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். கட்டிகளுக்கு நடுவே ஓட்டை விழுந்து தண்ணீர் அந்த வழியாக மட்டும் ஓடும், அழுக்கு வடிகட்டப்படாது. பவுடரை வாளியில் கரைத்துத் தெளிய விட்டு மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். அந்த வாளியில் ஆசிட் பட்டிருக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் விஷ வாயு கிளம்பும்.

மணலை ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஆற்று மணலோ எம்-சாண்டோ போட வேண்டாம், மேஸ்திரி எவ்வளவு சலித்துக் கொடுத்தாலும் சரி. ஃபில்டருக்கென்றே விற்கும் சிலிகா மணல், அரை மில்லிமீட்டரை ஒட்டிய ஒரே சீரான பருமனில் வாங்குங்கள். கொட்டும் முன் தொட்டியைப் பாதி தண்ணீரால் நிரப்பிக்கொண்டால் அடியில் இருக்கும் லேட்டரல் பைப்புகள் உடையாது. அவை உடைந்தால் ரிட்டர்ன் வாய்க்கு முன்னால் தரையில் மணல் குவியும். காலில் நறநறவென்று படும்.

ஃபில்டரால் முடியாத கலங்கல்

"அண்ணா, ஃபில்டர் நல்லாத்தான் ஓடுதுங்க, ஆனா தண்ணி கடுங்காப்பியாட்டவே இருக்குதுங்க" என்று ஒரு முறை எங்கள் தோட்டத்துத் தம்பி வந்து நின்றான். கற்பூர மரத்து இலையும் சீகை (வாட்டில்) மரத்துப் பட்டையும் ஊறி இறங்கிய சாயம் அது. கரைந்த சாயத்தை மணல் பிடிக்காது. இலையை அள்ளி, குளோரினைக் கொஞ்ச நாள் உயர்த்தி வைத்தால் வெளுக்கும்.

செம்மண் கலங்கல் வேறு. அதன் துகள் மணலின் இடுக்கைவிட ரொம்பச் சின்னது, எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் சுற்றிச் சுற்றி வரும். இதற்குப் படிகாரம். ஆயிரம் லிட்டருக்கு 30 முதல் 50 கிராம் வரை பொடித்துக் கரைத்து ஊற்றி, ரீசர்குலேட்டில் ஒரு மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் அடியில் மெத்தை மாதிரி படிந்திருக்கும். வால்வை வேஸ்ட் நிலையில் வைத்து அதை உறிஞ்சி வெளியேற்றுங்கள், ஃபில்டருக்குள் விட்டால் மணல் நாறிவிடும். மலைத் தண்ணீர் மென்மையானது; படிகாரம் அதிலுள்ள கொஞ்சக் காரத்தன்மையையும் தின்றுவிடும், தண்ணீர் புளிப்பாகி டைல்ஸ் இடுக்குச் சிமெண்டை அரிக்கும். பிஎச் 7.2-க்குக் கீழே போயிருந்தால் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 17 கிராம் போட்டால் காரத்தன்மை 10 பிபிஎம் ஏறும்; 80-க்கு மேல் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மண் எங்கிருந்து வருகிறது? குளத்துக்கு மேல்பக்கம் இருக்கும் வாய்க்கால் தூர்ந்திருக்கும். ஜூன் தொடங்கும் முன் ஒரு தடவை, அக்டோபருக்கு முன் ஒரு தடவை அதைத் தூர் வாரினால் படிகாரமே தேவைப்படாது.

அழுக்குத் தண்ணீர் போகும் இடம்

பேக்வாஷ் செய்யும்போது மோட்டார் ரூமுக்குள்ளேயே தண்ணீர் பொங்கினால் வேஸ்ட் பைப் அடைத்திருக்கிறது. பழைய ஸ்டோன்வேர் குழாய் என்றால் இணைப்பு வழியாகச் சீகை வேர் உள்ளே நுழைந்து சடை பிடித்திருக்கும். பிளம்பரின் ஸ்பிரிங் விட்டு எடுக்கலாம். ஆசிட் ஊற்றுவது வேரையும் முழுதாகக் கரைக்காது, மண்ணையும் கெடுக்கும்.

அந்தப் பைப் எங்கே போய் முடிகிறது என்பதை ஒரு முறையாவது நடந்து போய்ப் பாருங்கள். தடுப்புச் சுவரின் பின்னாலோ சரிவின் தலையிலோ முடிந்தால் உடனே மாற்றுங்கள். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மழையோடு வந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏற்கெனவே ஊறி நிற்கும் சரிவில் நாமும் வாரத்துக்கு 600 லிட்டர் ஊற்றக் கூடாது. ஓடையில் விட்டால் குளோரின் மீனையும் தவளையையும் கொல்லும். சமதளத்தில் ஒரு தொட்டி கட்டி அதில் விடுங்கள்; வெயிலில் சில நாள் நின்றால் குளோரின் போய்விடும், அப்புறம் செடிக்கு ஊற்றலாம்.

கீழ்ப்பக்கம் குளத்தை மொத்தமாக வடிக்கிற கேட் வால்வு இருந்தால், அது இறுகியிருக்கும். பைப் ரென்ச் போட்டு முறுக்காதீர்கள். தண்டு முறிந்து பாதி திறந்த நிலையில் நின்றுவிட்டால், நடுமழையில் குளம் தானாகக் காலியாகும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்து, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பழக்குங்கள்.

டைல்ஸ், பூச்சு வேலைக்காகக் காலி செய்துதான் ஆக வேண்டும் என்றால் பிப்ரவரி பாதிக்கு மேல், மழை இல்லாமல் மூன்று வாரமாவது போன பிறகு. குளத்துக்கு மேல்பக்கம், குளத்தின் ஆழத்துக்கு ஆகரால் (மண்ணைத் துளைக்கும் கருவி) ஒரு துளை போட்டு மூன்று நாள் பாருங்கள். துளையில் தண்ணீர் ஊறினால் காத்திருங்கள். காய்ந்திருந்தால் நாளுக்கு ஓரடி வீதம் இறக்குங்கள், மேஸ்திரியும் சாமானும் கையில் இருக்கும் வாரத்தில் மட்டும். மார்ச் கடைசிக்குள் குளம் திரும்ப நிறைந்திருக்க வேண்டும்: ஏப்ரலில் கோடை மழை ஆரம்பித்துவிடும், சீசன் கூட்டம் ஏறியதும் தண்ணீர் லாரியும் சுலபத்தில் கிடைக்காது.